பூட்டிய அலுவலகத்திலும் ஓடும் மீட்டர்

வீட்டு மின்கட்டணம் பற்றிய கேள்விகளுக்குச் சென்ற மாதம் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றியவை இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஊராட்சி அலுவலகம் என்று அவரவர் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "பெயர் போட வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். நானும் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். யார் பெயரும் இங்கே வராது.

எங்களுடையது அரசு மேல்நிலைப் பள்ளி. 2023 தொடக்கத்தில் வந்த பில்லோடு ஒப்பிட்டால் இப்போது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. மாணவர்கள் கூடவில்லை, புதுக் கட்டடமும் இல்லை. எல்லாம் கட்டண உயர்வுதானே ஐயா?
*தலைமையாசிரியை, மன்னார்குடி*

எல்லாம் இல்லை அம்மா. 2022 செப்டம்பர் 10ஆம் தேதி வந்த பெரிய உயர்வு உங்கள் 2023 பில்லிலேயே சேர்ந்துவிட்டது. அதன் பிறகு விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஜூலையில் ஏறியது 2023இல் 2.18 விழுக்காடு, 2024இல் 4.83, 2025இல் 3.16. ஒன்றின் தலையில் ஒன்றாக ஏற்றிக் கணக்குப் போட்டாலும் பத்தரை விழுக்காடுதான் வருகிறது. உங்கள் பில்லோ 33 விழுக்காடு கூடியிருக்கிறது. அப்படியானால் 2023இல் 100 யூனிட் செலவான பள்ளியில் இன்று 120 யூனிட் செலவாகிறது. ஏறியதில் பாதிக்கு மேல் உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

வகுப்பறை கூடவில்லை என்கிறீர்கள், சரி. ஹைடெக் லேப் கணினிகள், அதற்கு யு.பி.எஸ்., கேமரா, குடிநீர் சுத்திகரிப்புக் கருவி, ஸ்மார்ட் வகுப்பறையின் திரை? இவை எதுவும் மாணவர் எண்ணிக்கைப் பதிவேட்டில் வராது. ஆனால் மீட்டர் பதிவு செய்துகொண்டிருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளியைப் பூட்டும்போது மீட்டரின் யூனிட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 8 மணிக்குத் திறந்தவுடன் மறுபடி குறியுங்கள். நடுவில் 63 மணி நேரம். ஒருவரும் இல்லாத அந்த 63 மணி நேரத்தில் 30 யூனிட் ஓடியிருந்தால், அரை கிலோவாட் இரவு பகலாக எங்கேயோ தின்றுகொண்டிருக்கிறது. இரண்டு மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும் நேரம் மட்டும் ஏறத்தாழ 1,100 மணி. அதாவது 550 யூனிட், பாடம் நடத்தாமலே.

நான் பந்தயம் கட்டுவதானால் யு.பி.எஸ். மேல்தான் கட்டுவேன். பாட்டரியைத் தொட்டுப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் ஆன பாட்டரி பக்கவாட்டில் உப்பி, வெதுவெதுப்பாக இருக்கும். சார்ஜ் ஏறவே ஏறாது. ஏற்ற முயன்றுகொண்டே இருக்கும். அந்தச் சூடுதான் உங்கள் பில். அதை மாற்றும் வரை, மாலையில் லேபைப் பூட்டும்போது யு.பி.எஸ்.ஸையும் அதற்கு மின்சாரம் வரும் சுவிட்சையும் அணைக்கச் சொல்லுங்கள். கணக்கெடுக்கும் வேலையை மேல்நிலை இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர்களிடம் கொடுங்கள். ஆசிரியர்களைக் கேட்டால் அது இன்னொரு பதிவேடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் அதிகாரி அறைக்குள் வந்ததும் ஏ.சி.யை 18இல் வைக்கிறார். "சீக்கிரம் குளிரும்" என்கிறார். உண்மையா?
*அலுவலக உதவியாளர், ஊர் வேண்டாம்*

இல்லை. 18இல் வைத்தாலும் 24இல் வைத்தாலும் சாதாரண கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் குளிரவைக்கும்; 18இல் வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் ஏ.சி.க்களை 24 டிகிரியில் தொடங்குமாறு அமைத்துத்தான் விற்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வாங்கிய ஏ.சி.யில் 18 என்பது ஒருவர் மெனக்கெட்டு அழுத்திக் கொண்டுவந்தது.

இதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். ஏ.சி. சர்வீசுக்கு வரும் மெக்கானிக்கைச் சொல்லச் சொல்லுங்கள். "கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும் சார்" என்று அவர் சொன்னால் அது தொழில்நுட்பம். நீங்கள் சொன்னால் அது ஒழுங்கீனம்.

மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் தவறாமல் மின்கட்டணத்துக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் கூடுதல் நிதி கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. நோயாளிகள் இருக்கும் இடத்தில் எதை அணைப்பது?
*பெயரும் ஊரும் வேண்டாம்*

நோயாளி இருக்கும் இடத்தில் எதையும் அணைக்க வேண்டாம். உங்கள் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுங்கள் போதும்.

உங்களுடையது உயரழுத்த இணைப்பு. வீட்டு பில்லைப் போல யூனிட்டை மட்டும் எண்ணி வருவதில்லை. "ஒரே நேரத்தில் இவ்வளவு கே.வி.ஏ. (மின்சுமையின் அளவு) வரை எங்களுக்கு எப்போதும் வேண்டும்" என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்திருக்கும், அதற்கு ஒப்பந்த மின்தேவை என்று பெயர். நீங்கள் அதை எட்டினாலும் எட்டாவிட்டாலும் அதில் 90 விழுக்காட்டுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பில் நகலில் ஒப்பந்தம் 300 கே.வி.ஏ. பதிவான உச்சம் 170. ஆனால் கட்டியிருப்பது 270க்கு. உபயோகிக்காத 100 கே.வி.ஏ.வுக்கு, ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய்க்கு மேல். ஆக மாதம் 50,000 ரூபாய்க்குக் குறையாமல், ஒரு விளக்கும் எரியாமல், ஒரு மின்விசிறியும் சுற்றாமல் போகிறது. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் இயந்திரம் வைத்தார்கள், அதற்காக ஒப்பந்தத்தைக் கூட்டினார்கள், இப்போது டேங்கரில் திரவ ஆக்சிஜன் வருகிறது, இயந்திரம் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. இயந்திரம் நின்றுவிட்டது; அதற்காகப் போட்ட கையெழுத்து நிற்கவில்லை.

குறைக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவசரப்படவும் வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பதிவான உச்சத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான தேவை. அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுக் கேளுங்கள். ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரட்டிப்புக் கட்டணம். பிறகு கூட்டிக் கேட்டால் அதற்கு வேறு பணம் கட்ட வேண்டும். ஆக்சிஜன் இயந்திரத்தை அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டுமா என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டும் என்றால், அந்த 50,000 ரூபாயைக் காப்பீடு என்று தெரிந்தே கட்டுங்கள். தெரியாமல் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே பக்கத்தில் மின்திறன் காரணி என்று ஒரு வரி இருக்கும்; எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்தது என்பதன் அளவு அது. 0.90க்குக் கீழே போனால் அபராதம். உங்களுக்கு 0.84. அதை உயர்த்துவதற்கென்று வைத்த கெபாசிட்டர் பேனலில் சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிகின்றன என்று எலக்ட்ரீஷியன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விளக்கு எரிவதற்கும் கெபாசிட்டர் உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கெபாசிட்டரின் கம்பியிலும் மாட்டி ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். பாதி செத்திருக்கும். மாற்றும் செலவை, நின்றுபோகும் அபராதமே சில மாதங்களில் ஈடுகட்டிவிடும்.

இனி டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரில் உங்கள் ஜெனரேட்டர் மூன்று, மிஞ்சினால் மூன்றரை யூனிட் தரும். ஆக ஒரு யூனிட் 26 முதல் 31 ரூபாய். வாரியத்தின் மின்சாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். எனவே ஜெனரேட்டரில் எது இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருக்க வேண்டும். அறுவைக்கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, பிரசவ அறை, ரத்த வங்கி, தடுப்பூசிக் குளிர்பெட்டி, லிஃப்ட். இவற்றில் கை வைக்கவே கூடாது. நிர்வாகப் பிரிவின் ஏ.சி. எப்படி அந்த லைனில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். எப்படியோ எல்லா ஆஸ்பத்திரியிலும் வந்துவிடுகிறது.

இன்னொன்று. பெரிய ஜெனரேட்டரை ஐந்தில் ஒரு பங்கு சுமையில் ஓட்டினால் டீசலும் வீண், இன்ஜினிலும் கரி சேரும். இரவு நேரச் சுமைக்கென்று சிறியதாக ஒன்று இருந்தால் நல்லது. லாக் புத்தகத்தில் ஓடிய மணி, ஊற்றிய லிட்டர் இரண்டும் எழுதுகிறார்கள்; கொடுத்த யூனிட்டை எழுதுவதில்லை. பேனலில் அதற்கும் மீட்டர் இருக்கிறது. யூனிட்டையும் எழுதச் சொல்லிப் பாருங்கள். லிட்டருக்கு இரண்டு யூனிட்தான் வருகிறது என்றால், ஒன்று இன்ஜின் சரியில்லை; இல்லையென்றால் டீசல் இன்ஜினுக்குப் போகவில்லை. இதற்கு மேல் நான் எழுதக் கூடாது.

சத்துணவுக் கூடத்தில் சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை. விறகுக்கே திரும்பிவிடலாமா என்று உதவியாளர் கேட்கிறார்.
*அமைப்பாளர், அரியலூர் மாவட்டம்*

வேண்டவே வேண்டாம். அந்தப் புகையை நாள் முழுக்க விழுங்கப்போவது அந்த உதவியாளர்தான்.

பாத்திரத்தின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். கரி பிடித்திருந்தால் கேஸ் பாதி எரியாமலே போகிறது என்று அர்த்தம். கஞ்சி பொங்கி பர்னரின் துளைகளை அடைத்திருக்கும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் மஞ்சள் தீ நீலமாகும். கொண்டைக்கடலையை முதல் நாள் மாலையே ஊறப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். காலையில் வந்து கொதிநீரில் போட்டு வேகவைப்பதில்தான் அரை சிலிண்டர் போகிறது. உலை கொதித்த பிறகு தீயைக் குறைக்க வேண்டும். எவ்வளவு எரித்தாலும் கொதிநீரின் சூடு கொதிநிலைக்கு மேல் ஏறாது. தீ பாத்திரத்தின் அடியோடு நிற்க வேண்டும். விலாவில் ஏறினால் நீங்கள் கூடத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மூடி போடச் சொல்வதற்கு நான் வேண்டுமா? ஆனால் நான் பார்த்த சத்துணவுக் கூடங்களில் அந்தப் பெரிய பாத்திரத்துக்கு மூடியே இல்லை. தொலைந்துபோயிருக்கும் அல்லது காய்கறி நறுக்கும் தாம்பாளமாகியிருக்கும்.

2022இல் எங்கள் நாட்டில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளும் கந்தோர்களும் (அலுவலகங்களும்) மூடிக் கிடந்தன. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் விட்டார்கள். மூடி வைத்தால் மின்சாரப் பாவனை உண்மையிலேயே குறையுமா?
*ஆசிரியர், யாழ்ப்பாணம்*

குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்குக் குறையாது. 2022 ஜூனில் உங்கள் அமைச்சரவை அந்த வெள்ளிக்கிழமை விடுமுறையைக் கொடுத்தபோது சொன்ன காரணங்கள் இரண்டு. ஊழியர்கள் அலுவலகம் போய்வரும் எரிபொருள் மிஞ்சும். வீட்டுத் தோட்டத்தில் உணவுப் பயிர் செய்யலாம். அது பஸ்ஸுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆன மிச்சம். மன்னார்குடிக்குச் சொன்னதை நீங்களும் செய்து பாருங்கள்: பூட்டிய கட்டடத்திலும் மீட்டர் ஓடும். அதோடு, அலுவலகத்தில் இருபது பேருக்குச் சுற்றிய நான்கு மின்விசிறிகளுக்குப் பதிலாக இருபது வீடுகளில் இருபது மின்விசிறிகள் சுற்றும். அரசாங்கத்தின் பில் குறைந்து ஊழியரின் பில் ஏறும்.

உங்கள் ஊரில் அந்த ஏற்றம் சாதாரணமானதும் இல்லை. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 விழுக்காடு. ஆறு மாதத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு. பத்தரை விழுக்காட்டுக்கு நாங்கள் போடும் கூச்சலை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி சொந்தமாகக் காற்றாலை வைத்ததாமே? நாங்களும் வைக்க முடியுமா?
*ஊராட்சி செயலர், விழுப்புரம் மாவட்டம்*

வைத்தது உண்மை. 2006இல், 1.55 கோடி ரூபாய் செலவில், 350 கிலோவாட் காற்றாலை. ஊராட்சி இருப்பது மேட்டுப்பாளையம் பக்கம். காற்றாலை நிற்பது உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில், காற்று வீசும் இடத்தில். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊராட்சியின் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள்.

ஆனால் ஓடந்துறைக்குப் போய்வருகிற எல்லாரும் காற்றாலையைத்தான் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்கு முன்பே, 2003இல், குடிநீர் மோட்டாரின் மின்செலவு தாங்காமல் மரக்கழிவை எரிவாயுவாக்கும் 9 கிலோவாட் இயந்திரத்தை அவர்கள் வைத்தார்கள். பில்லில் எந்த வரி தங்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

உங்கள் ஊராட்சியிலும் அதே வரிதான் இருக்கும். மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய பணம் இரண்டாம் எண் கணக்கில் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. அதனால் யாரும் அதைத் தங்கள் பணமாக நினைப்பதில்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டார் ஆபரேட்டர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அவர் மீது குற்றமில்லை. அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் மூன்று தொட்டிக்கும் ஒரே ஆள். 5 குதிரைத்திறன் மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 250 யூனிட்டுக்கு மேல். தொட்டி நிரம்பியதும் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சுக்கு ஆகும் செலவு ஒரு கிராமசபைக் கூட்டத்தின் பந்தல் வாடகைகூட வராது.

மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் காதை வைத்துக் கேளுங்கள். கடகடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் வந்தால் வால்வு பிடிக்கவில்லை. ஏற்றிய தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புகிறது, மறுநாள் அதையே மறுபடி காசு கொடுத்து ஏற்றுகிறீர்கள். இவற்றை முடித்துவிட்டு, பகலில் எரியும் தெருவிளக்குகளுக்கு டைமர் போட்டுவிட்டு, எழுதுங்கள். காற்றாலை பற்றி அப்போது பேசலாம்.

பழைய கலெக்டர் ஆபீஸ்களில் மின்விசிறி கூட வேண்டியிருக்கவில்லை. புதிய கட்டடங்களில் ஏ.சி. இல்லாமல் உட்கார முடியவில்லையே?
*ஓய்வுபெற்ற நில அளவையர், தஞ்சாவூர்*

தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளம், பதினைந்தடி உயரம், நாற்புறமும் தாழ்வாரம். வெயில் சுவரைத் தொடுவதற்கே நாளாகும். இப்போது பத்தடி உயரத்தில் கான்கிரீட் போட்டு, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்து, உள்ளே ஏ.சி. வைத்து, வெளிச்சம் கூசுகிறது என்று திரைச்சீலையும் இழுத்துவிட்டு, பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மேற்கே கண்ணாடி வைக்கும் வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரை அதே கட்டடத்தின் மேல்மாடி மேற்கு அறையில் ஒரு மே மாதம் உட்கார வைக்க வேண்டும், ஏ.சி. இல்லாமல். கட்டியதை இடிக்க முடியாது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். மேல்மாடியில் வித்தியாசம் கையில் தெரியும்.

தாலுகா அலுவலகக் கூரையில் 10 கிலோவாட் சோலார் இருக்கிறது. கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறது. பழுதா?
*இளநிலை உதவியாளர், சிவகங்கை மாவட்டம்*

பழுதில்லை. பாட்டரி இல்லாமல் வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் மின்சாரம் இல்லையென்றால் தானே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் போகும்.

கவலைப்பட வேண்டியது வேறு. கரன்ட் இருக்கும்போது அது ஓடுகிறதா? நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். உங்களுடையது 40 யூனிட், மாதம் 1,200 தர வேண்டும். இன்வெர்ட்டர் திரையில் அன்றாட உற்பத்தி தெரியும். பத்து, பதினைந்து என்று காட்டினால் மாடிக்குப் போய்ப் பாருங்கள்: தகட்டின் மேல் புழுதி படிந்திருக்கும், இல்லையென்றால் வைக்கும்போது இடுப்பளவு இருந்த வேப்பமரம் இப்போது நிழல் போடும். வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். சூடேறிய தகட்டில் பகல் பன்னிரண்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். திரையே இருண்டு கிடந்தால் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலைத் தேடுங்கள். பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் பொருத்தியவர் பொறுப்பு என்று இருக்கும். எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, அதற்கு முன் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.